வியாழக்கிழமை ஆஞ்சியோ: இந்தப் பயத்தை என்ன செய்வது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். வயது 47. படி ஏறும்போது நெஞ்சு இறுகியது, டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஈசிஜி பார்த்தார்கள், இதயத்தில் அடைப்பு இருக்கலாம் என்ற பொருளில் பாசிட்டிவ் என்று வந்தது. வருகிற வியாழக்கிழமை ஆஞ்சியோகிராமுக்கு, அதாவது மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாக இதயம்வரை விட்டுப் படம் எடுக்கும் பரிசோதனைக்கு, தேதி கொடுத்துவிட்டார்கள். நாலு நாளாகத் தூக்கமில்லை, வீட்டில் சொல்லவும் கூச்சம். "பயம் போக என்ன செய்வது? முழு மயக்கம் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "நடுவில் பயந்துபோய்க் கையை இழுத்துவிட்டால் என்ன ஆகும்?" உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வீர்கள். மேஜையில் படுத்த பிறகு உடம்பு நம் பேச்சைக் கேட்காமல் போய்விடுமோ என்ற நினைப்புதான் ராத்திரி உங்களை எழுப்பி உட்கார வைக்கிறது.

நான் டாக்டர் இல்லை, செவிலியர். 31 ஆண்டுப் பணியில் 19 ஆண்டுகள் ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில் இருந்தேன். எந்த மாத்திரையை நிறுத்துவது, உங்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையா என்பதெல்லாம் உங்கள் இதய மருத்துவர் சொல்ல வேண்டியவை. அவற்றில் நான் தலையிட மாட்டேன். மேஜைக்குப் பக்கத்தில் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் லீட் ஏப்ரன் போட்டுக்கொண்டு நின்று, படுத்திருப்பவரின் முகத்தைக் கவனிப்பது என் வேலையாக இருந்தது. அங்கே கற்றதைத்தான் சொல்கிறேன்.

முதலில் மயக்கம். வழக்கமான ஆஞ்சியோவுக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று டாக்டர் சொன்னால் நீங்கள் பிடிக்க வேண்டும். நெஞ்சில் வலி வந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். முழு மயக்கம் கொடுத்தால் அதற்கென்று தனி ஆபத்துகள் சேர்ந்துகொள்ளும். கால் மணியிலிருந்து அரை மணி நேரத்தில் முடியும் ஒரு பரிசோதனைக்கு அது அதிகப்படி. ஆனால் முழு மயக்கத்துக்கும் ஒன்றுமே கொடுக்காமல் இருப்பதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. மிடசோலம் போன்ற மருந்தைச் சிறிதளவு, சில நேரம் வலி தணிக்கும் ஃபென்டனிலும் சேர்த்து, நரம்பில் போடுவார்கள். விழித்திருப்பீர்கள், சொன்னது கேட்கும், ஆனால் பதற்றத்தின் முனை மழுங்கிவிடும். சிலருக்கு அப்புறம் பாதி நினைவே இருக்காது. சில மருத்துவமனைகளில் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள், சில இடங்களில் கேட்டால்தான். ஆகவே கேளுங்கள். அட்மிஷன் போடும்போதே கேளுங்கள், மேஜையில் ஏறிய பிறகு வேண்டாம். பலமாகக் குறட்டை விடுபவர், தூக்கத்தில் மூச்சு நின்று திணறுபவர், நுரையீரல் தொல்லை உள்ளவர் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த மருந்துகள் மூச்சை மந்தப்படுத்தும் என்பதால் அளவை யோசித்துத்தான் போடுவார்கள்.

இப்போது கையை இழுப்பது. இன்று பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகத்தான் செய்கிறார்கள். மணிக்கட்டு வழியாக இதய ஆஞ்சியோ செய்ததைக் கனடாவின் மான்ட்ரியலில் லூசியன் காம்போ 1989-ல் எழுதினார். அதற்கு முன் வழக்கம் தொடையிடுக்குதான், இன்றும் சிலருக்கு அந்த வழிதான் சரிப்படும். மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போடும்போதோ, ரத்தக்குழாயைத் தேடிக் குத்தும்போதோ நீங்கள் கையை அசைத்தால், குத்து தவறும், இன்னொரு முறை குத்த வேண்டி வரும். அவ்வளவுதான். உள்ளே சின்னக் குழாய் உட்கார்ந்த பிறகு நீங்கள் திடுக்கிட்டால் டாக்டர் கையை நிறுத்திக்கொள்வார். கையைப் பலகையில் வைத்து லேசாகக் கட்டியும் இருப்பார்கள். பயத்தில் கையை இழுத்து ரத்தக்குழாய் கிழிந்த ஒருவரைக்கூட நான் அந்த 19 ஆண்டில் பார்க்கவில்லை. திடுக்கிட்டவர்கள் நிறைய. ஒரு லாரி டிரைவர், நல்ல திடகாத்திரமான மனுஷன், ஊசி தொட்டதும் முழங்கையை மடக்கிக்கொண்டார். டாக்டர் ரெண்டு நிமிஷம் நின்றார், நான் டிரைவரின் தோளில் கை வைத்துக்கொண்டு அவர் ஊர்த் தேரைப் பற்றிக் கேட்டேன், மறுபடி ஆரம்பித்தோம், 20 நிமிஷத்தில் முடிந்தது.

பயம் உண்மையில் செய்யக்கூடிய தொல்லை வேறு. மணிக்கட்டு ரத்தக்குழாய் மெல்லியது, அதன் சுவரில் தசை அதிகம். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் அந்தத் தசையை இறுக்கிவிடும். குழாய் உள்ளே இருக்கும்போது இறுகினால் முன்கையில் பிடித்து இழுக்கிற மாதிரி வலிக்கும், கேத் லேபில் அதை ஸ்பாஸம் என்போம். அப்போது ரத்தக்குழாயை விரியச்செய்யும் மருந்தைக் குழாய் வழியாகவே கொடுத்து, கொஞ்சம் காத்திருந்து, வேண்டுமானால் அமைதிப்படுத்தும் மருந்தும் போடுவார்கள். அதற்கும் விடவில்லை என்றால் தொடை வழியாகப் போவார்கள். முன்கூட்டியே லேசான மயக்க மருந்து கொடுத்தவர்களுக்கு இந்த இறுக்கம் குறைவாக வருகிறது என்று ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். நான் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் பயம் எங்களுக்கு ஒரு மருத்துவத் தகவல். சர்க்கரை அளவு மாதிரி, பழைய அலர்ஜி மாதிரி. அதை மறைத்தால் எங்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று தெரியாமல் போகிறது.

இதை நான் ஒருவரிடமிருந்துதான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யார் பயந்தாலும், "ஒன்னும் இருக்காதுய்யா, பயப்படாதீங்க" என்பேன். எல்லோரும் சொல்வதுதானே. ஒரு பள்ளி ஆசிரியரிடமும் அப்படியே சொன்னேன். அவருக்கு ஸ்பாஸம் வந்தது. வலியில் முகம் வெளுத்து, கண்ணைத் திறந்து என்னைத் தேடி, "ஒன்னும் இருக்காதுன்னு சொன்னீங்களே சிஸ்டர்" என்றார். அதட்டவில்லை, அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. ஏமாந்துபோன குரல். வலி வந்த மாத்திரத்தில் அவர் ஏதோ தப்பு நடந்துவிட்டது, சாகப் போகிறோம் என்று முடிவு கட்டிவிட்டார். "கையில் இழுத்துப் பிடிக்கலாம், பிடித்தால் சொல்லுங்க, அதற்கு மருந்து இருக்கு" என்று நான் முன்னாடியே சொல்லியிருந்தால் அந்த வலி வெறும் வலியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு "ஒன்னும் இருக்காது" என்ற சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்ன இருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. 1963-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மயக்க மருத்துவர் வந்து, நாளைக்கு இன்னின்னது நடக்கும் என்று உட்கார்ந்து பேசிய நோயாளிகளையும், வெறுமனே பதற்றம் தணிக்கும் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்குத் தூக்கக் கலக்கம் இருந்தது, மனம் அமைதியாகவில்லை. பேசியவர்களுக்குத் தூக்கக் கலக்கம் இல்லை, ஆனால் அமைதியாக இருந்தார்கள்.

ஆகவே என்ன இருக்கும் என்று சொல்கிறேன். ஊருக்கு ஊர் சின்ன வித்தியாசம் இருக்கும், அடிப்படை ஒன்றுதான். காலையில் வெறும் வயிறு, பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரம். கையில் வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்றுவதற்கான சின்ன ஊசிக்குழாய், போடுவார்கள். மணிக்கட்டையும் தொடையிடுக்கையும் இரண்டையுமே ஷேவ் செய்வார்கள், தொடை ஒரு மாற்று வழி என்பதால். பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஊசியைவிடப் பெரிய சங்கடம் இதுதான், ஆனால் பயம் என்ற பேரில்தான் அது வெளியே வரும். வேண்டுமானால் நீங்களே வீட்டில் செய்துவிட்டு வரலாமா என்று கேளுங்கள். பெண்கள் பெண் செவிலியர்தான் வேண்டும் என்று கேட்கலாம். உள்ளே போகும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள்.

லேப் உள்ளே குளிரும். இயந்திரங்களுக்காக ஏசியைக் குறைத்து வைத்திருப்போம். மேஜை குறுகலாக இருக்கும். உடம்பு நடுங்கினால் அதில் பாதி குளிர், அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பயப்பட வேண்டாம். போர்வை கேளுங்கள், கொடுப்போம். நெஞ்சில் ஈசிஜி ஒட்டுவார்கள், பச்சைத் துணியால் கழுத்துவரை மூடுவார்கள். ஒரு பெரிய எக்ஸ்ரே கருவி முகத்துக்குப் பக்கத்தில் வந்து வந்து திரும்பும். மேலே இடிக்கப் போகிறதோ என்று தோன்றும், இடிக்காது. மரத்துப்போகும் ஊசி சுள்ளென்று எரியும், பத்து விநாடி. பெரும்பாலானவர்களுக்கு மொத்தப் பரிசோதனையிலும் அதிகமாக வலிப்பது அதுதான். அப்புறம் குத்தின இடத்தில் ஓர் அழுத்தம். குழாயில் மருந்து போகும்போது முழங்கைவரை காந்தும், அதுவும் போய்விடும். உள்ளே போகும் குழாய் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன். அது தோள் வழியாக இதயத்தின் பக்கம் போவது உங்களுக்குத் தெரியவே தெரியாது, ரத்தக்குழாயின் உட்சுவருக்குத் தொடுவதை உணரும் நரம்பு இல்லை.

இதை நம்ப முடியாவிட்டால் வெர்னர் ஃபோர்ஸ்மானை நினைத்துக்கொள்ளுங்கள். 1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்ற ஊரில், 25 வயது மருத்துவர். தன் முழங்கை மடிப்பில் மரத்துப்போகும் மருந்து போட்டுக்கொண்டு, அங்கிருந்த நாளத்தில் 65 சென்டிமீட்டர் குழாயைத் தானே உள்ளே தள்ளினார். குழாய் உள்ளே இருக்க, படி இறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், அது இதயத்துக்குள் நிற்பதைப் படம் எடுத்தார். 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. கெர்டா டிட்சன் என்ற செவிலியர் முதலில் "எனக்குப் போடுங்கள்" என்று முன்வந்திருந்தார், அவரை ஏமாற்றித்தான் தனக்குப் போட்டுக்கொண்டார் ஃபோர்ஸ்மான். அந்தச் செவிலியரை நான் அடிக்கடி நினைப்பேன். (அது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் நாளம், உங்களுக்குப் போவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனி, வழி வேறு. ஆனால் விழித்திருக்கும் மனிதனின் இதயத்துக்குள் குழாய் வலியில்லாமல் போகும் என்பது அன்றைக்கே தெரிந்துபோனது.)

ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக, டை என்று நாங்கள் சொல்லும் மருந்தைச் செலுத்தும்போது சிலருக்கு நெஞ்சிலிருந்து அடிவயிறுவரை சூடு பரவும். படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும், போயிருக்காது. இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டு அடுத்ததைப் பலமாக அடித்த மாதிரி இருக்கலாம். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். இன்னொன்று, உள்ளே நாங்கள் பேசுவது. எண்களும் எழுத்துகளுமாக இருக்கும். எல்.ஏ.டி., ஆர்.சி.ஏ. என்பவை ரத்தக்குழாய்களின் பெயர். "மாத்துங்க", "இது போகல, வேற குடுங்க" என்றால் குழாயின் வளைவு உங்கள் உடம்பின் அமைப்புக்குப் பொருந்தவில்லை, வேறு வளைவு கேட்கிறார். திடீரென்று எல்லோரும் அமைதியானால் திரையைக் கூர்ந்து பார்க்கிறார்கள் என்று பொருள். எத்தனையோ பேர் அந்த அமைதியில்தான் உடைந்துபோவார்கள். "சிஸ்டர், என்ன நடக்குது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் சொல்வதற்குத்தான் ஒருவர் அங்கே நிற்கிறார்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. குத்தின இடத்தில் ரத்தம் கட்டுவது, மணிக்கட்டு ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது, டை ஒவ்வாமை, ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது மேலும் பாதிப்பது. மிக அரிதாகப் பக்கவாதம், மாரடைப்பு, மரணம். சம்மதக் கையெழுத்து வாங்கும் கன்சென்ட் ஃபார்மில் இதெல்லாம் வரிசையாக இருக்கும். படித்து நடுங்காதவர் இல்லை. திட்டமிட்டுச் செய்யும் வெறும் ஆஞ்சியோவில் பெரிய சிக்கல்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு, மரணம் ஆயிரத்தில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. வயதானவர், சிறுநீரகம் பழுதானவர் எல்லோரையும் சேர்த்த கணக்கு அது. 47 வயதில் நடந்துவந்து படுக்கிறவருக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். உங்கள் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), எக்கோ (இதய ஸ்கேன்) எல்லாம் பார்த்த டாக்டர்தான் அதை உறுதியாகச் சொல்ல முடியும். "என் உடம்புக்கு ஆபத்து சராசரியா, கூடவா?" என்று கேளுங்கள். நல்ல கேள்வி, எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டிரெட்மில் பாசிட்டிவ் என்றாலே அடைப்பு என்று முடிவு செய்துவிட வேண்டாம். அது தவறாகக் கைகாட்டுவதும் உண்டு. அமெரிக்காவில் முன்பு இதய நோய் என்று அறியப்படாத ஏறத்தாழ 4 லட்சம் பேரின் திட்டமிட்ட ஆஞ்சியோக்களை எண்ணி 2010-ல் ஒரு கணக்கு வெளியானது. பெரிய அடைப்பு இருந்தது 100-க்கு 38 பேருக்குத்தான். அந்த எண்ணை நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. இங்கே யாரை அனுப்புகிறார்கள் என்பது வேறு. படியேறும்போது உங்களுக்கு இறுக்கம் இருந்தது என்பதையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் மனம் இப்போது ஒரே ஒரு முடிவைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறது, வேறு முடிவுகளும் உண்டு.

நீங்கள் எழுதாத, ஆனால் பெரும்பாலோருக்கு உள்ளே இருக்கும் இன்னொரு பயத்தையும் தொட்டுவிடுகிறேன். மேஜையில் படுத்திருக்கும்போதே "அடைப்பு இருக்கு, ஸ்டென்ட் வெச்சிடலாமா?" என்று கேட்பார்கள் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பிவலைக் குழாய்தான் ஸ்டென்ட்). வெளியே உங்கள் மனைவியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டிக் கையெழுத்து கேட்பார்கள். பணம் எவ்வளவு, எந்த ஸ்டென்ட், சரி சொல்வதா வேண்டாமா என்று அந்த அஞ்சு நிமிஷத்தில் யாராலும் யோசிக்க முடியாது. என் கணவருக்கு ஆஞ்சியோ நடந்தபோது நானே கதவுக்கு வெளியே நின்றேன். அத்தனை வருஷம் உள்ளே நின்றவளுக்கே கை நடுங்கிப் பேனா பிடிக்கவில்லை. ஆகவே இதைப் புதன்கிழமைக்குள் பேசி முடித்துவிடுங்கள். "அடைப்பு தெரிந்தால் அப்போதே வைப்பீர்களா, படத்தைப் பார்த்துப் பேசிவிட்டு இன்னொரு நாள் வைக்கலாமா? எந்த மாதிரி அடைப்பு என்றால் காத்திருக்கக் கூடாது?" என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்களைப் போல மாரடைப்பு இல்லாமல், நடந்தால் மட்டும் இறுக்கம் வருபவர்களுக்குப் பெரும்பாலும் யோசிக்க நேரம் உண்டு. 2020-ல் வெளியான இஸ்கீமியா என்ற ஆய்வில் 37 நாடுகளில் 5,179 பேரைப் பார்த்தார்கள். மருந்தோடு தொடங்கியவர்களையும் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட், பைபாஸ் என்று உடனே போனவர்களையும் ஒப்பிட்டால் மரணத்திலோ மாரடைப்பிலோ தெளிவான வித்தியாசம் இல்லை, நெஞ்சு இறுக்கம் தணிவதில் இரண்டாமவர்களுக்கு நன்மை இருந்தது. இதயத்தின் இடப்பக்கத்துக்கு ரத்தம் தரும் இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அது வேறு கதை. பணத்தைப் பொறுத்தவரை, 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டையோ வேறு காப்பீடோ இருந்தால் ஆஞ்சியோவுக்கு முன்பே காப்பீட்டு மேஜையில் விசாரித்து வையுங்கள். இந்த ஒரு பேச்சு முடிந்ததும் பாதிப் பயம் இறங்கிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு தெரிந்துகொள்வது என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு ஊசியையும் முன்னாடியே சொன்னால்தான் சிலருக்கு நிம்மதி. "எனக்கு எதுவும் சொல்லாதீங்க, முடிஞ்சதும் எழுப்புங்க" என்பவர்கள் சிலர். இரண்டும் சரி. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் முதல் வகை என்று நினைத்துத்தான் மேலே இவ்வளவும் எழுதினேன். ஆனால் யூடியூபில் அறுவைக் காட்சிகளைப் பார்ப்பது தெரிந்துகொள்வதில் சேராது. இன்றோடு அதை நிறுத்துங்கள்.

இனி உடம்பைத் தணிக்கும் வழிகள். மெதுவான மூச்சு உதவும் என்பதை நம்பிச் சொல்கிறேன். நாலு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். விடுவது நீளமாக இருப்பதுதான் முக்கியம். இதை வியாழக்கிழமைதான் முதல் தடவை செய்வேன் என்றால் வராது. இன்று ராத்திரியே பத்து நிமிஷம், அப்புறம் தினமும் இரண்டு வேளை செய்து பழகுங்கள். "மூச்சைப் பிடிங்க" என்று டாக்டர் சொல்லும்போது மட்டும் நம் எண்ணிக்கையை விட்டுவிட்டு அவர் சொல்வதைச் செய்ய வேண்டும். பாட்டு கேட்பது சிகிச்சைக்கு முந்தைய பதற்றத்தை ஓரளவு குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறார்கள். ஆய்வுகளின் தரம் பெரிதாக இல்லை, ஆனால் கெடுதல் ஒன்றும் கிடையாது. எங்கள் லேபில் மெதுவாகப் பாட்டு வைப்போம், எந்தப் பாட்டு என்று படுத்திருப்பவரையே கேட்போம். ஒரு பாட்டி தானே முருகன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே படுத்திருந்தார், அவர் மூச்சுக்கு வேறு பயிற்சியே தேவைப்படவில்லை. தியானம், வாசனை எண்ணெய் போன்றவற்றைப் பிடித்தால் செய்யுங்கள், நான் பெரிதாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே ஒரு வகை ஆட்களுக்கு இந்த ஓய்வுப் பயிற்சி எதிர்மாறாகப் போகும். ரத்தத்தையோ ஊசியையோ கண்டாலே கண் இருண்டு மயங்கி விழுபவர்கள். அவர்களுக்குப் பதற்றத்தில் முதலில் ஏறும் பி.பி. சட்டென்று சரிந்துவிடும். உடம்பைத் தளர்த்தினால் இன்னும் சரியும். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980-களில் இவர்களுக்கு ஒரு பயிற்சியை வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10, 15 விநாடி முறுக்கி முகம் சூடாகும்வரை பிடித்து, பிறகு இயல்புக்கு விட்டு, அரை நிமிஷம் கழித்து மறுபடி, இப்படி அஞ்சு தடவை. நீங்கள் அப்படி மயங்கியதாக எழுதவில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போய் எப்போதாவது மயங்கியிருந்தால் அதைச் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, படுத்தபடியே இதைச் செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தசையை முறுக்குவது இதயத்துக்கும் கொஞ்சம் வேலை கொடுக்கும், உங்களுக்கு நெஞ்சு இறுக்கம் இருப்பதால் கேட்டுவிட்டே செய்ய வேண்டும். ஊசி போடும் கையை மட்டும் எப்போதும் தளரவிட்டே வைத்திருங்கள்.

பயத்தில் மனிதர்கள் தாங்களாகவே செய்துகொள்ளும் சில காரியங்கள்தான் எனக்கு அதிகக் கவலை. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வருவது. உள்ளே நாங்கள் கொடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். முந்தின ராத்திரி கொஞ்சம் குடித்துவிட்டுப் படுப்பது, தயவுசெய்து வேண்டாம். நாள் நெருங்கியதும் பயந்துபோய் ஆஸ்பிரினையோ பி.பி. மாத்திரையையோ தாங்களாகவே நிறுத்திவிடுவது. எதை நிறுத்துவது, எதைக் காலையில் ஒரு வாய்த் தண்ணீரோடு போடுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை, குறிப்பாக மெட்ஃபார்மின், இன்சுலின், ரத்தத்தை உறையவிடாத மாத்திரை இவற்றைத் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் வாய் திறக்காத ஒன்றும் இருக்கிறது. தாம்பத்தியத்துக்காகச் சில்டெனாஃபில், டடாலாஃபில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தக்குழாயை விரிக்க லேபில் கொடுக்கும் நைட்ரோகிளிசரினோடு அது சேர்ந்தால் பி.பி. ஆபத்தான அளவுக்கு இறங்கும். பெரும்பாலும் முதல் வகைக்கு ஒரு நாள், இரண்டாவதற்கு இரண்டு நாள் இடைவெளி கேட்பார்கள். வெட்கப்பட வேண்டாம், இதைக் கேட்டு முகம் சுளிக்கும் ஆள் கேத் லேபில் கிடையாது.

புதன் ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதைப் பற்றிப் பதற வேண்டாம். ஓர் இரவு தூங்காததால் ஆஞ்சியோ கெட்டுப்போவதில்லை. காலையில் பி.பி. 160, 170 என்று காட்டலாம், தினமும் பார்த்துப் பழகிய எண்கள்தான் எங்களுக்கு. ஆனால் இந்தப் பதற்றம் ஆஞ்சியோவோடு முடியாமல், வேலைக்குப் போக முடியாத அளவுக்கு, அல்லது முன்பே மாதக்கணக்கில் இருந்துகொண்டிருக்கிறது என்றால், மூச்சுப் பயிற்சியால் தீராது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடையில் நெஞ்சு இறுக்கம் உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, 15 நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்த்துக்கொட்டினாலோ பயத்தினால்தான் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். வியாழக்கிழமைவரை பொறுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்று மனைவியிடம் சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போடப் போவது அவர்தானே. வியாழன் காலை வென்ஃப்ளான் போட வரும் சிஸ்டரிடம், எனக்கு எழுதின அதே வரியைச் சொல்லுங்கள்: "கையை இழுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது." அவர் அதை உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்வார், உங்கள் தலைமாட்டில் ஒருவர் நிற்பார்.

முடிந்ததும் மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை கட்டுவார்கள். சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்குவார்கள். கை மரத்துப்போனாலோ நீலமானாலோ, பட்டைக்கடியில் ஈரம் தெரிந்தாலோ உடனே கூப்பிடுங்கள். தொடை வழியாகச் செய்திருந்தால் காலை மடக்காமல் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். வெறும் ஆஞ்சியோ என்றால் பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் அந்தக் கையால் பளு தூக்கக் கூடாது. வீட்டில் ரத்தம் கசிந்தால் அந்த இடத்தை விரலால் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். வியாழக்கிழமை ஆஞ்சியோவுக்குப் பைக்கை எடுத்துக்கொண்டு போக வேண்டாம், திரும்பும்போது ஓட்ட முடியாது.